படம் வருவதற்கு முன்பே பாட்டு வந்துவிட்டது

நடுவர் ஐயா அவர்களே, எதிரணிப் பெரியோர்களே, எங்கள் அணித் தலைவர் அக்கா அவர்களே, பொங்கல் விடுமுறை நாளில் வீட்டு டிவியை அணைத்துவிட்டுப் பெரம்பூரின் இந்தத் தெருமுனைப் பந்தலில் வந்து உட்கார்ந்திருக்கும் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். டிவியை அணைத்துவிட்டு வந்தீர்களே, அப்போதே எங்கள் அணிக்கு முதல் ஓட்டு விழுந்துவிட்டது.

"எண்பதுகளின் மேற்கத்திய பாப் பாடல்களை உச்சிக்கு ஏற்றியது காதா, கண்ணா?" இதுதான் இன்றைய தலைப்பு. கேட்ட பாட்டு ஜெயித்ததா, பார்த்த படம், அதாவது பாட்டுக்கு எடுத்த வீடியோ, ஜெயித்ததா என்பது வழக்கு. எதிரணித் தலைவர் அண்ணன் கண்ணுக்காக உருகி உருகி வாதாடினார். வாதாடத்தான் செய்வார். அந்தக் காலத்தில் கல்மண்டபத்தில் வீடியோ கேசட் வாடகைக் கடை நடத்தியவர் அல்லவா? வாடகை தனி, முன்பணம் தனி, கேசட்டைப் பின்னோக்கிச் சுற்றாமல் திருப்பிக் கொடுத்தால் அதற்கு அபராதம் தனி. அவர் கண்ணைக் கைவிட்டிருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

நடுவர் ஐயா தமிழாசிரியர். காதின் பக்கம் பேச வந்தவன் முதலில் குறளைத்தான் எடுப்பான் என்று புன்னகையோடு காத்திருக்கிறார். பொறுத்தருள வேண்டும் ஐயா. இன்று நான் எடுத்துவந்திருப்பது அமெரிக்காவில் பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியல்.

அண்ணன் எங்கிருந்து தொடங்கினார்? 1981 ஆகஸ்ட் 1. பாட்டு வீடியோக்களைக் காட்டுவதற்கென்றே வந்த அமெரிக்க டிவி அலைவரிசை எம்டிவி பிறந்த நாள். அதில் முதலில் ஒளிபரப்பான பாட்டு பகிள்ஸ் குழுவின் 'வீடியோ கில்டு தி ரேடியோ ஸ்டார்'. "வானொலி நட்சத்திரத்தை வீடியோ கொன்றுவிட்டது என்று முதல் பாட்டே சொல்லிவிட்டதே, இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நான் அந்தச் சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்கிறேன். அந்தப் பாட்டு வெளிவந்த ஆண்டு 1979. அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டன் பட்டியலில் அது முதலிடத்துக்குப் போய்விட்டது. எம்டிவி பிறப்பதற்கு இன்னும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பாக்கி! இறந்துபோனதாகச் சொல்லப்படும் வானொலி தன் சாவுச் செய்தியைத் தானே ஒலிபரப்பி ஊரெல்லாம் பாட வைத்திருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன். அந்தத் தொடக்க இரவில் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் எம்டிவி தெரியவே இல்லை. அங்கிருந்த கேபிள் நிறுவனம் அதைத் தரவில்லை. அலைவரிசையை நடத்தியவர்களே ஆற்றைத் தாண்டி நியூஜெர்சிக்குப் போய்த்தான் தங்கள் சொந்த ஒளிபரப்பைப் பார்த்தார்கள். அவர்கள் ஊரிலேயே அந்த நிலைமை என்றால் நம் பெரம்பூருக்கு எப்போது வந்திருக்கும்? அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பட்டியல். அண்ணன் "பட்டியலில் முதலிடம், பட்டியலில் முதலிடம்" என்று பலமுறை சொன்னார். அந்தப் பட்டியல் எப்படித் தயாரானது என்பதை மட்டும் சொல்லவில்லை. பில்போர்டின் 'ஹாட் 100' பட்டியலுக்கு எண்பதுகளில் இரண்டே கணக்குகள்தான். இசைத்தட்டுக் கடைகள் சொன்ன விற்பனை ஒன்று, வானொலி நிலையங்கள் எந்தப் பாட்டை எவ்வளவு ஒலிபரப்பின என்பது இன்னொன்று. படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கு அங்கே ஒரு கட்டம்கூடக் கிடையாது. யூடியூபில் பார்ப்பவர்களையும் கணக்கில் சேர்த்தது 2013-இல்தான். எண்பதுகளில் கண்ணுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டுரிமையே இல்லை ஐயா! ஓட்டுரிமை இல்லாதவர் ஜெயித்தார் என்று அண்ணன் வெற்றி ஊர்வலம் நடத்துகிறார்.

"படத்தைப் பார்த்துத்தானே கடைக்குப் போய் வாங்கினார்கள்?" என்று எதிரணியில் முணுமுணுப்பது கேட்கிறது. நல்ல கேள்வி. அதற்கு அவர்களுடைய கோட்டைக்குள்ளேயே போய்ப் பதில் சொல்கிறேன்.

அவர்களுடைய கோட்டை 'த்ரில்லர்'. 1982 நவம்பர் இறுதியில் வெளிவந்த மைக்கேல் ஜாக்சனின் ஆல்பம், தயாரித்தவர் குயின்சி ஜோன்ஸ். பில்போர்டின் ஆல்பம் பட்டியலில் மொத்தம் 37 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதிலிருந்து ஏழு பாடல்கள் ஒற்றைப் பாடல்களாக வெளிவந்தன. ஏழும் 'ஹாட் 100' பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன. இவ்வளவும் அண்ணன் சொன்னதுதான், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஏழில் எத்தனை பாட்டுக்கு வீடியோ எடுத்தார்கள்? சொல்லுங்கள் அண்ணே. கடை வைத்திருந்தவர் நீங்கள்.

மூன்று! 'பில்லி ஜீன்', 'பீட் இட்', 'த்ரில்லர்'. அவ்வளவுதான். 'தி கேர்ள் இஸ் மைன்' பாட்டுக்குப் படம் இல்லை, இரண்டாம் இடம் வரை போனது. 'வான்னா பி ஸ்டார்ட்டிங் சம்திங்' பாட்டுக்கும் இல்லை, ஐந்தாம் இடம். 'ஹியூமன் நேச்சர்' ஏழாம் இடம், 'பி.ஒய்.டி.' பத்தாம் இடம், இரண்டுக்கும் படம் கிடையாது. ஒரு சட்டகம்கூடப் படமாக்கப்படாத நான்கு பாடல்கள் வெறும் குரலையும் தாளத்தையும் வைத்துக்கொண்டு முதல் பத்துக்குள் ஏறி உட்கார்ந்தன.

இன்னும் சுவையானது மிச்சம் இருக்கிறது. ஜான் லாண்டிஸ் இயக்கத்தில் ஏறத்தாழ 14 நிமிடத்துக்குப் பேய்களும் பிணங்களும் எழுந்து ஆடிய அந்த 'த்ரில்லர்' படம் 1983 டிசம்பரில் வந்தது. உலகம் வாயைப் பிளந்து பார்த்தது. நானும் பிற்பாடு பார்த்தேன், நல்ல படம்தான். இவ்வளவு தடபுடலுக்குப் பிறகு அந்தப் பாட்டு எந்த இடம் வரை ஏறியது? நான்கு! படமே இல்லாத 'தி கேர்ள் இஸ் மைன்' பாட்டைவிட இரண்டு படி கீழே. அந்தப் படம் வந்த பிறகு ஆல்பத்தின் விற்பனை மறுபடி எகிறியது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஆல்பம் வெளிவந்து ஓராண்டு முடிந்து, மற்ற ஆறு பாடல்களும் முதல் பத்தைத் தொட்டுவிட்ட பிறகு வந்த படம் அது. பந்தி முடியும் நேரத்தில் வந்து பாயசத்தில் முந்திரி போட்டவர், விருந்தே தன் சமையல் என்று சொல்லலாமா?

'பில்லி ஜீன்' மட்டும் என்ன? 1983 மார்ச் 5 தேதியிட்ட பட்டியலில் அது முதலிடம். எம்டிவி அந்தப் படத்தைக் காட்டத் தொடங்கியது அதற்குப் பிறகு. ஏன் தாமதம்? கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களை அந்த அலைவரிசை அப்போது அரிதாகவே காட்டியது. அதற்குக் கண்டனங்களும் எழுந்திருந்தன. வானொலியும் இந்த விஷயத்தில் புனிதமானது இல்லைதான், அங்கும் பாகுபாடு இருந்தது. ஆனாலும் இந்த ஒரு பாட்டில் கண் வாசலில் நின்று நிறம் பார்த்துக்கொண்டிருந்தபோது காது கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டுவிட்டது.

அப்புறம் அந்த நிலா நடை, மூன்வாக். அதைப் பார்த்துத்தான் உலகமே 'பில்லி ஜீன்' வாங்கியது என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். தம்பி, மைக்கேல் ஜாக்சன் அந்த நடையை ஆடிக்காட்டிய மோட்டவுன் இசை நிறுவனத்தின் நிகழ்ச்சி அமெரிக்க டிவியில் வந்தது 1983 மே 16. 'பில்லி ஜீன்' ஏழு வாரம் முதலிடத்தில் இருந்து, இறங்கி, அடுத்த பாட்டுக்கு இடம் கொடுத்ததெல்லாம் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அவர் கால் பின்னோக்கி நடக்கலாம், காலண்டர் நடக்காது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். எம்டிவி ஆசியாவுக்கு ஸ்டார் டிவி வழியாக வந்தது 1991-இல். எண்பதுகள் முடிந்து கதவையும் பூட்டியாகிவிட்டது. அந்தப் பத்தாண்டில் நமக்கு இருந்தது தூர்தர்ஷன். அதுவும் எல்லோர் வீட்டிலும் இல்லை, ஒரு வீட்டு ஜன்னலில் பத்துத் தலைகள். அதில் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வருமே தவிர, மடோனா வரமாட்டார். ஆனால் மடோனா பாட்டு பெரம்பூருக்கு வந்தது. ராயபுரத்துக்கும் வந்தது. எந்த வழியாக?

இங்கே ரயில்வே வேலையில் இருந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் வீடுகள் ஒரு வழி. ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்ட உறவினர்கள் கிறிஸ்துமஸுக்குக் கேசட் அனுப்புவார்கள். அந்த வீட்டுத் திண்ணையில் ஓடும் டேப் ரெக்கார்டர் தெரு முழுவதற்கும் சொந்தம். துறைமுகம் இன்னொரு வழி. கப்பலில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்தார்கள், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரில் விற்றார்கள். இந்த இரண்டு வழியும் வந்து சேரும் இடம் ரெக்கார்டிங் கடை. அங்கே நாம் ஒரு வெற்றுக் கேசட்டையும், பாட்டுகளை எழுதிய சீட்டையும் கொடுப்போம். ஆங்கிலப் பாட்டின் பெயரை யாருக்கு எழுதத் தெரியும்? கடைக்காரரிடம் இரண்டு வரி பாடிக் காட்டினால் போதும், எந்தப் பாட்டு என்று கண்டுபிடித்துவிடுவார். சி-60 கேசட் என்றால் பக்கத்துக்கு அரை மணி நேரம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகும். அந்தப் பாதிப் பாட்டைத்தான் நாங்கள் அதிகம் முணுமுணுத்தோம், ஏனோ தெரியவில்லை.

அந்தக் கேசட்டுக்கு அட்டைப்படம் கிடையாது. பாடியவர் கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா, எங்களுக்குத் தெரியாது. 'ஹியூமன் நேச்சர்' பாடியது ஆணா பெண்ணா என்று எங்கள் தெருவில் பெரிய சண்டையே நடந்தது. வார்த்தையும் புரியாது. முகமும் தெரியாமல், மொழியும் புரியாமல் ஒரு பாட்டு ஒருவன் நாக்கில் வந்து ஒட்டிக்கொள்கிறது என்றால் அது எந்த வழியாக உள்ளே போனது? அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் பேண்டு செட்காரர்கள் போனி எம் குழுவின் 'ரஸ்புடின்' மெட்டை வாசிக்கக் கேட்டு வளர்ந்தவன் நான். பாட்டு 1978-இல் வந்தது, எங்கள் தெருவுக்கு வந்து சேர எண்பதுகள் ஆகிவிட்டன. ட்ரம்பெட் ஊதியவர் அந்தக் குழுவை ஒருநாளும் பார்த்ததில்லை, இசைக்குறிப்பும் படித்ததில்லை. கேசட்டை நான்கு முறை ஓடவிட்டுக் காதில் வாங்கினார், வாயில் ஊதிவிட்டார். மாப்பிள்ளை குதிரையில் நெளிந்தார்.

வியாசர்பாடிப் பையன்கள் பிரேக் டான்ஸ் ஆடினார்களே, பார்க்காமலா ஆடினார்கள் என்று அண்ணன் கேட்டார். பார்த்துத்தான் ஆடினார்கள். அவர் கடையிலேயே வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் பார்த்து, அடியெல்லாம் கற்றுக்கொண்டார்கள். நடனத்தைக் கண் கற்றுக்கொடுத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெருவில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து ஆட நின்றபோது எதைக் கொண்டுவந்து வைத்தார்கள்? டேப் ரெக்கார்டரை. அண்ணன் கடை டிவியையா தூக்கிக்கொண்டு வந்தார்கள்?

ஒரு பாட்டை மட்டும் எதிரணிக்கே எழுதிக்கொடுத்துவிடுகிறேன். நார்வே நாட்டு ஆ-ஹா குழுவின் 'டேக் ஆன் மீ'. 1984-இல் வெளியிட்டார்கள், எடுபடவில்லை. வேறு தயாரிப்பாளரை வைத்து மறுபடி பதிவு செய்தார்கள், அப்போதும் பிரிட்டனில் எடுபடவில்லை. பிறகு ஸ்டீவ் பாரன், பென்சில் கோட்டுச் சித்திரம் உயிர் பெற்று எழுவதைப் போன்ற படத்தை எடுத்தார். 1985 அக்டோபரில் பாட்டு அமெரிக்காவில் முதலிடம். இதில் படத்தின் கை ஓங்கியிருக்கிறது. வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே. ஆனால் உங்கள் அணியில் இதுவரை பேசிய மூன்று பேரும் சொன்னவற்றில் நிற்பது இந்த ஒரே பாட்டுதான். பத்தாண்டுக்கு ஒன்று என்பது விதிவிலக்கு, விதி ஆகாது.

மாறாக, முகத்தை மட்டும் நம்பிப் பிழைத்தவர்களின் கதை என்ன? மில்லி வனிலி. இரண்டு அழகான இளைஞர்கள், நீண்ட சடை, நல்ல ஆட்டம். 1989-இல் அமெரிக்காவில் மூன்று பாடல்கள் முதலிடம். 1990 பிப்ரவரியில் சிறந்த புதுமுகக் கலைஞருக்கான கிராமி விருது. நவம்பரில் உண்மை வெளியே வந்தது: ஆல்பத்தில் இருப்பது அவர்கள் குரலே இல்லை. விருதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இந்த ஏற்பாட்டின் சூத்திரதாரி ஃபிராங்க் ஃபாரியன். நம் ட்ரம்பெட்காரருக்கு 'ரஸ்புடின்' கொடுத்தாரே, அதே போனி எம் தயாரிப்பாளர். அந்தக் குழுவிலும் மேடையில் துள்ளி ஆடிய ஆணுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல் கொடுத்தவர் இவர்தான். "பார்த்தீர்களா, முகத்தை வைத்தே விற்றுவிட்டார்" என்று எதிரணி துள்ளும். முகம் மட்டும் போதுமென்றால் அவர் எதற்காக வேறு நல்ல குரல்களைத் தேடிப் பிடித்துக் காசு கொடுத்துப் பாட வைத்தார்? கண்ணை ஏமாற்றலாம் என்று துணிந்த அந்த மனிதருக்கே காதை ஏமாற்றும் துணிச்சல் வரவில்லை.

மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது ஐயா, ஒரு நிமிடம். 1988 ஜூன் 11, லண்டன் வெம்பிளி மைதானம், நெல்சன் மண்டேலாவின் 70-ஆவது பிறந்தநாள் நிகழ்ச்சி. ஸ்டீவி வொண்டர் பாட வேண்டிய நேரம். அவருடைய இசை பதிந்திருந்த கணினி வட்டு காணாமல் போனதால் அந்த நேரத்தில் அவர் மேடை ஏறவில்லை. இடைவெளியை நிரப்ப, ஏற்கெனவே பாடி முடித்திருந்த டிரேசி சாப்மனை மறுபடி அனுப்பினார்கள். கையில் ஒரு கிட்டார், பின்னால் ஆட்டக்காரர் யாரும் இல்லை. 'ஃபாஸ்ட் கார்' பாடினார். அதன் பிறகு பிரிட்டனில் ஐந்தாம் இடம், அமெரிக்காவில் ஆறாம் இடம். அதுவும் டிவியில்தானே வந்தது என்று அடுத்துப் பேச வரும் தங்கை கேட்கலாம். டிவியில் வந்தது, சரி. பார்ப்பதற்கு என்ன இருந்தது அம்மா? ஒரு பெண் நின்றபடி பாடினாள்.

தங்கை அதற்குப் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. படமே எடுக்காத அந்த நான்கு மைக்கேல் ஜாக்சன் பாடல்கள் முதல் பத்துக்குள் எப்படி வந்தன என்பதை மட்டும் இந்த மேடையில் சொல்லிவிட்டு, பிறகு கண்ணுக்குத் தீர்ப்புக் கேட்கட்டும். வணக்கம்.