வயல் மூலை யாருக்கு?

(மேலூர்ப் பக்கத்துக் கிராமத் தேவாலயம் ஒன்றின் அறுப்புப் பண்டிகைக்காக எழுதிய உரை)

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களே, தலைமையேற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, அழைத்ததும் வந்து முன்வரிசையைச் சிறப்பித்திருக்கும் அம்பலகாரர் ஐயா, ஜமாத் தலைவர் பாய் அவர்களே, களத்திலிருந்து நேரே வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வயல் ஓரம், எடைக்கல், கூலி என்று மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "ஏழை அழுத கண்ணீர் கூரிய வாளை ஒக்கும்" என்பார்கள். அந்தக் கண்ணீர் விழாமலிருக்க, பைபிளில் மோசேயின் சட்டம் வருகிற லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் வழி சொல்கிறது: ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும், அதாவது அந்நிய தேசத்தானுக்கும், விட்டுவிடு. அறுத்து, மூட்டை கட்டிக் கொடு என்று சொல்லவில்லை, கவனியுங்கள். விட்டுவிடு என்கிறது. அது பிச்சை இல்லை, அவர்கள் பங்கு.

பைபிளில் வருகிற ரூத்தைப் பாருங்கள். அந்நிய தேசமான மோவாபிலிருந்து வந்த விதவை. கூட மாமியார் நகோமி. பெத்லகேமில் வாற்கோதுமை அறுப்பு. கதிர் பொறுக்கப் போனவள் போவாஸ் என்ற நிலக்காரரின் வயலில் நுழைந்தாள். அவர் என்ன செய்தார்? தாகமெடுத்தால் ஆட்கள் மொண்டுவைத்த தண்ணீரையே குடி என்றார். அறுக்கிறவர்களோடு உட்காரவைத்து வறுத்த கோதுமை கொடுத்தார். வயிறு நிறைந்தது, மீந்ததை மாமியாருக்கு எடுத்துவைத்தாள் அந்தப் பெண்! அப்புறம் ஆட்களிடம், அரிகளில் சிலதை வேண்டுமென்றே சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்றார். அதட்டாதீர்கள்! சாயங்காலம் தட்டி எடுத்தால் ஒரு எப்பா, ஏறக்குறைய 22 லிட்டர். எடைக்கு 13 கிலோ வரும்.

இங்கே பெல்ட் மிஷின், அதான் நெல் அறுக்கிற மிஷின், வந்துவிட்டது. சிந்துகிற மணியைச் சேற்றில் மிதித்துப் புதைத்துவிடுகிறது, பொறுக்க ஒன்றுமில்லை. ஆனால் மூலையில் அதனால் திரும்ப முடியாது. அதனால்தான் முன்கூட்டியே நாலு மூலையையும் அரிவாளால் அறுத்துவைக்கிறோம். மோசே சொன்ன ஓரம் அதுதானே ஐயா! அந்த மூலை நெல்லை, ஆதரவில்லாத பாட்டிமார்களுக்கு விட்டுவிடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

எடைக்கல்லுக்கு, பைபிளில் ஆமோஸ் 8-இல் வருகிற கள்ளத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள், விரித்துச் சொல்ல இன்று நேரமில்லை. கூலிக்கு உபாகமம் 24:15 போதும்: பொழுது போகுமுன் கொடு. ஏழை அழுத கண்ணீர் கூரிய வாள், மறக்க வேண்டாம்.

மிஷினுக்குச் சொல்லிவைக்கிற அன்றே பாட்டிமார்களுக்கும் சொல்லிவிடுங்கள். மூலைக்கு ஐந்தடி. அவர்களே அறுக்கட்டும். அறுத்ததை அன்றைக்கே களத்துக்குத் தூக்கிப்போக ஒரு ஆள் கொடுங்கள். வரப்பில் கிடந்தால் இராத்திரி மாடு தின்றுவிடும்.