மானுக்கு ஒரு மூலை

வணக்கம் நேயர்களே. காட்டோரத்தில் காணி வைத்திருப்பவர்களுக்காகப் பேச வந்திருக்கிறேன். வவுனியா மாவட்டத்தில் நெடுங்கேணி, ஓமந்தைப் பக்கங்களில் பலருடைய காணியில் உழவுக்கு உதவாத மூலை ஒன்று இருக்கும். மேலே பாலை, வீரை மரங்கள், கீழே கிறவலும் கல்லும். அதில் ஒரு கால் ஏக்கரை மானுக்கும் மயிலுக்கும் இரைநிலமாக விடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக விடலாம். எதை நடுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் காட்டின் நடுவே குளோவர் என்ற தீவனப் பூண்டும் ஓட்ஸ் தானியமும் விதைத்து மானை வரவழைப்பார்கள். இங்கே மான், மரை வேட்டை சட்டப்படி குற்றம். அதோடு நமக்கு யானை இருக்கிறது. சோளன், வாழை, கரும்பு வைத்தால் யானைக்கு வெற்றிலை வைத்து அழைத்த மாதிரி. கால் ஏக்கரைத் தின்றுவிட்டு அது அயலவரின் வயலுக்குத்தான் போகும். ஆகவே காட்டுக்குச் சொந்தமான மரங்களையே நடுங்கள்: பாலை, வீரை, நாவல், இலந்தை. வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும்போது கரடி அதைத் தேடி மரமேறும். கரடியின் எச்சத்திலிருந்தும் பாலை விதை காட்டில் பரவுகிறது.

கல் நிலத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். அலவாங்கை எடுத்து மண்ணில் குத்திப் பாருங்கள். ஒரு சாண் இறங்குமுன் 'ணங்' என்றால் அது மரத்துக்கு ஆகாது. முழங்கால் ஆழத்துக்கு இறங்கினால் அதுதான் மரத்துக்குரிய குழி. பாறைச் சரிவின் அடிவாரத்தில் இப்படிப்பட்ட இடங்கள் கிடைக்கும். மாரி மழையில் பாறை வழித்துவிடும் நீரெல்லாம் அங்கேதான் வந்து சேரும். குழியின் பள்ளப் பக்கத்தில் கற்களைப் பிறை வடிவில் அடுக்கிவிட்டால் நீரும் நிற்கும், மண்ணும் நிற்கும். அப்புறப்படுத்த வேண்டிய கல்லுக்கும் வேலை கிடைத்துவிடும்.

மண் ஆழமில்லாத திட்டுகளில் ஐப்பசி முதல் மழையோடு கௌப்பி, பயறு வீசலாம். உழவு தேவையில்லை. ஆனால் சருகை வாரி ஒதுக்குங்கள், விதை மண்ணைத் தொட்டால்தான் முளைக்கும். நெருப்பு வைக்கவே வேண்டாம். வெளிச்சம் போதாவிட்டால் தாழ்ந்த கிளைகளை மட்டும் கழித்துவிடுங்கள். பாலை மரத்தைத் தறித்துவிட்டுப் பாலைக் கன்று நடுவது எனக்கு விளங்காத கணக்கு.

நாவல் விதை காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும், பழம் தின்ற கையோடு ஊன்றுங்கள். பாலை மெதுவாகவே வளரும். ஆனால் அதன் வேர் வலிமைக்காகத்தான் சப்போட்டாவையே பாலைக் கன்றில் ஒட்டுகிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதியாகத் தெரியாத நிலத்தில் அலவாங்கு போடாதீர்கள். வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லைத் தாண்டியும் போகாதீர்கள்.

கன்று நட்ட அன்றே சூரை முள்ளை வெட்டிச் சுற்றிலும் அடையுங்கள். யாருக்காக நடுகிறோமோ அந்த மானே முதல் கொழுந்தைக் கடித்துவிடும். கன்று மானின் வாய்க்கு எட்டாத உயரம் வரும்வரை முள் அப்படியே இருக்கட்டும்.