சந்தேகங்களுக்கு விளக்கம்: பித்தளைக் குழாய் ரோல் கேஜ் ஏன் மூட்டுல பிரியுது?

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். ரெண்டு வரியில பதில் சொன்னா தப்பான பதிலாப் போயிடும்.

ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, 1:10 ஸ்கேல் க்ராலருக்கு 4 எம்.எம். பித்தளைக் குழாயில ரோல் கேஜ் செஞ்சேன். 60/40 ஈயம், சால்டரிங் அயர்ன். பாறையில ஒரு தடவை உருண்டதுமே மேல் சட்டம் மூட்டோட கழண்டு வந்துடுச்சு. இதைவிட பலமான சால்டர் எது? ஃபிரிட்ஜ் மெக்கானிக் வச்சிருக்கிற ராடு போட்டா நிக்குமா?"

புதுசா வந்தவங்களுக்கு: க்ராலர்னா பாறை ஏறுற ரிமோட் கார், ரோல் கேஜ்னா அது உருண்டாலும் நசுங்காம இருக்க மேல போடுற குழாய்க் கூண்டு, 60/40-ன்னா 60 பங்கு தகரம், 40 பங்கு ஈயம் கலந்த சால்டர். கடைசிக் கேள்விக்கு முதல்ல வர்றேன். ஃபிரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக்குங்க வச்சிருக்கிற அந்தப் பட்டை ராடு, செம்போட பாஸ்பரஸ் கலந்தது. செம்பையும் செம்பையும் சேர்க்கத்தான் அது. செம்பு மேல பாஸ்பரஸே ஃப்ளக்ஸ், அதாவது உலோகத்து மேல இருக்கிற ஆக்சைடை நீக்கி சால்டரை ஓட வைக்கிற பொருளோட வேலையைப் பார்த்துடும், அதான் அவங்க பொடி எதுவும் போடாம பத்த வைக்கிறாங்க. பித்தளையில போடணும்னா தனியா ஃப்ளக்ஸ் வேணும். ஸ்டீல் குழாயில போடவே கூடாது. பாஸ்பரஸ் இரும்போட சேர்ந்து மூட்டுக்குள்ள நொறுங்குற படலம் ஒண்ணை உண்டாக்கும். வெளியில பார்த்தா நல்லா பிடிச்ச மாதிரி இருக்கும், ஒரு தட்டு தட்டினா விட்டுடும். பித்தளையிலயும் எனக்கு அது பிடிக்காது. காரணம் சூடு. 7 சதவீதம் பாஸ்பரஸ் இருக்கிற ராடு 710 டிகிரியில இளக ஆரம்பிச்சு, 790 தாண்டித்தான் முழுசா ஓடும். பித்தளை 900 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிடும். சுவர் 0.45 எம்.எம். இருக்கிற குழாயில அந்த நூறு டிகிரி சொச்சம் கண்ணிமைக்கிற நேரம்.

சரி, எது பலமான சால்டர்? தம்பி, கேட்க வேண்டிய கேள்வி அது இல்ல. "மூட்டுல எவ்வளவு இடைவெளி விடணும், எவ்வளவு பரப்பு ஒண்ணு மேல ஒண்ணு படியணும்?" இதைக் கேட்டிருந்தா நான் துள்ளிக் குதிச்சிருப்பேன். பழைய வீடியோக்களைப் பார்த்தவங்க "ஆரம்பிச்சுட்டார்"னு சிரிப்பீங்க, பரவாயில்ல. இடைவெளிதான் பிடிக்குது, சால்டர் அந்த இடைவெளியை நிரப்புது, அவ்வளவுதான்.

கணக்கு போட்டே பார்ப்போம். 4 எம்.எம். குழாய், சுவர் 0.45. ரெண்டு துண்டை முனைக்கு முனை வச்சுப் பத்த வச்சா ஒட்டுற பரப்பு சுமார் 5 சதுர எம்.எம். அதே இடத்துல உள்ளுக்குள்ள ஒரு 3 எம்.எம். குழாயை, பக்கத்துக்கு 5 எம்.எம். நுழையற மாதிரி வைங்க. ஒவ்வொரு பக்கமும் 47 சதுர எம்.எம். கிடைக்குது. ஒன்பது மடங்குக்கு மேல! 60/40-ஐ விட ஒன்பது மடங்கு பலமான ஈயம் எந்தக் கடையிலயும் கிடையாது. ஆனா 3 எம்.எம். குழாய் எல்லாருக்கும் கிடைக்கும்.

இதுல இன்னொரு வசதி. 0.45 சுவர்னா 4 எம்.எம். குழாயோட உள்விட்டம் 3.1. அதுக்குள்ள 3 எம்.எம். போனா சுத்தி 0.05 எம்.எம். மிச்சம். வெள்ளிப் பத்துக்கு, அதாவது வெள்ளி கலந்த ராடைத் தீயில உருக்கி ஒட்டுறதுக்கு, 0.05-லிருந்து 0.12 வரைக்கும் இருக்கிற இடைவெளிதான் நல்லது. அந்த அளவுல உலோகம் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி தானா உள்ள போகும். 0.2, 0.3 ஆயிடுச்சுன்னா ஏறாது. ஓரத்துல உருண்டையா உக்காந்துக்கும், பார்க்க மொத்தமா, பலமா தெரியும், உள்ள காலி. இடைவெளியே இல்லாம இறுக்கி அடிச்சு நுழைச்சாலும் தப்புதான். ஃப்ளக்ஸ் உள்ள போகாது, ஃப்ளக்ஸ் போகாத இடத்துக்கு சால்டரும் போகாது.

கேஜ்ல பெரும்பாலும் வர்றது டி மூட்டு, ஒரு குழாயோட முதுகுல இன்னொரு குழாய் உக்காருறது. அங்க முனையை நேரா வெட்டி வச்சா ரெண்டு புள்ளியிலதான் தொடும். மீன் வாய் மாதிரி குடையணும். 4 எம்.எம். உருண்டை அரம், இல்லைன்னா 3.5 எம்.எம். கம்பியில எமரி தாளைச் சுத்திக்கிட்டு குடையலாம். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. சாதாரண ஏ4 தாள் 0.1 எம்.எம். இருக்கும். ஒரு தாள் நுழைஞ்சா சரி, ரெண்டு தாள் நுழைஞ்சா திரும்ப அரத்தை எடுங்க. உருட்டி வெட்டுற கட்டர்ல வெட்டினா விளிம்பு உள்பக்கமா மடங்கியிருக்கும், அதை முதல்ல சுரண்டி எடுக்கணும். எடுக்கலைன்னா உள் குழாயே நுழையாது.

அப்புறம் அந்த டி மூட்டுக்கு ஒரு முளை. 4 எம்.எம். குழாய்க்குள்ள 3 எம்.எம். குழாய், அதுக்குள்ள 2 எம்.எம். பித்தளைக் கம்பி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சரியா உக்காரும். கம்பி 3 எம்.எம். வெளியில நீட்டிக்கிட்டு இருக்கட்டும், எதிர்க் குழாயில 2.1-ல ஓட்டை போட்டு சொருகுங்க. பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே கேஜ் தானா நிக்கும். நிக்கலைன்னா பத்த வைக்காதீங்க.

இப்ப சால்டருக்கு வருவோம். பாடி மவுண்ட், லைட் பார் இதுக்கெல்லாம் 96/4, அதாவது தகரத்துல 4 சதவீதம் வெள்ளி கலந்தது, 221 டிகிரியில உருகும், தாராளமாப் போதும். அடி வாங்குற பம்பர், ஸ்லைடர் (வண்டியோட பக்கவாட்டுல பாறையில உரசுற சட்டம்), உருளுற கேஜ் இதுக்கு வெள்ளிப் பத்து. 56 சதவீத வெள்ளி ராடு 618-ல ஆரம்பிச்சு 652-ல ஓடும். 45 சதவீதம், காட்மியம் இல்லாதது, 663-லிருந்து 743. கடையில 96/4-ஐயும் வெள்ளிப் பத்து ராடையும் "சில்வர் சால்டர்"னுதான் கொடுப்பாங்க. சால்டரிங் அயர்ன்ல உருகிச்சுன்னா அது 96/4 ஜாதி, சந்தேகமே வேண்டாம். 45 சதவீதத்துலயே காட்மியம் கலந்தது 618-லயே ஓடும், விலையும் கம்மி. நகைக்கடையில கே.டி.எம்.னு கேள்விப்பட்டிருப்பீங்களே, அந்தக் காட்மியம்தான். அதோட புகை நுரையீரலை அழிச்சுடும். வீட்டுக்குள்ள அதைத் தொடாதீங்க, வாங்கும்போதே கேட்டு வாங்குங்க.

செய்முறை. 400 எமரியில பளிச்சுன்னு தேய்ச்சு, தின்னர்ல துடைச்சு, பேஸ்ட் ஃப்ளக்ஸை சேர்க்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் தடவிடுங்க. கட்டுறதுக்குக் கறுப்பு இரும்புக் கம்பி, 0.5 எம்.எம். முறுக்கி இறுக்காதீங்க. பித்தளை இரும்பை விட அதிகமா விரியும், சிவக்கும்போது கம்பி குழாயையே கடிச்சுப் பள்ளமாக்கிடும். கம்பியில ஒரு கோணல் மடிப்பு விடுங்க, அது விரிஞ்சு கொடுக்கும்.

ரெண்டு முனையும் அடைபடுற குழாய்க்கு, கண்ணுக்குத் தெரியாத பக்கமா 1 எம்.எம். ஓட்டை கண்டிப்பா வேணும். இல்லைன்னா உள்ள இருக்கிற காத்து சூட்டுல விரிஞ்சு, உருகின சால்டரை ஊதி வெளியே தள்ளும். "கடைசி மூட்டு மட்டும் சரியா வர மாட்டேங்குது"ன்னு நிறைய பேர் எழுதுறீங்க. கடைசி மூட்டுலதானே குழாய் முழுசா அடைபடுது.

தீயை மூட்டு மேல நேரா காட்டாம, நீளமா ஓடுற குழாயை முதல்ல சூடாக்குங்க. ஃப்ளக்ஸ் முதல்ல தண்ணி வத்தி வெள்ளையாகும், அப்புறம் பொங்கும், 600 டிகிரி பக்கத்துல தெளிஞ்சு தண்ணி மாதிரி ஆயிடும். அந்த நேரம்தான். தீ ஒரு பக்கம், ராடு எதிர்ப்பக்கம். சால்டர் சூட்டை நோக்கித்தான் ஓடும். எவ்வளவு ராடு? 47 சதுர எம்.எம்., 0.05 இடைவெளின்னா 1 எம்.எம். கம்பியில 3 எம்.எம். நீளம் போதும். ஓரத்துக்குச் சேர்த்து 5 வெட்டி வச்சுக்கோங்க. இடைவெளி 0.2 ஆனா நாலு மடங்கு வேணும், அப்பவும் நிக்காது. பார்த்தீங்களா, திரும்ப அங்கேயே வந்து நிக்கிறோம்.

பித்தளையில வெள்ளைப் புகை வந்தா துத்தநாகம் ஆவியாகுதுன்னு அர்த்தம், உடனே தீயை விலக்குங்க. பக்கத்துப் பக்கத்து மூட்டுன்னா முதல்ல 45, அடுத்து 56. ரெண்டாவது ஓடும்போது முதல் மூட்டு இளகாது.

ஒரு விஷயத்தை ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்: வெள்ளிப் பத்து வச்சா பித்தளை மூட்டுப் பக்கத்துல மெத்துன்னு ஆயிடும். 221 டிகிரியில அந்தப் பிரச்சினை இல்ல. மூட்டு பிரியாது, ஆனா அதுக்குப் பக்கத்துல குழாய் வளையும். அதனால உள் குழாயை 10 எம்.எம். வரைக்கும் நீட்டுங்க, மூலையில 0.8 தகட்டுல ஒரு சின்ன முக்கோணம் வைங்க. அதுக்கும் மேல அடி வாங்குற வண்டின்னா, கார் பிரேக் லைன் ஸ்டீல் குழாய், 4.76 எம்.எம்., நல்ல தேர்வு. மேல் பூச்சை மட்டும் மூட்டு வரைக்கும் முழுசா தேய்ச்சு எடுத்துடுங்க. அலுமினியம் வேற கதை. அது சிவக்காம, ஒரு அறிகுறியும் காட்டாம உருகி விழுந்துடும். தனி வீடியோவுல பார்ப்போம்.

ஆறி முடிஞ்சதும் முதல்ல கட்டுக் கம்பியை எடுங்க. எடுக்காம அமிலத்துல போட்டா பித்தளை மேல செம்பு படிஞ்சு சிவப்பாயிடும். சுடுதண்ணியில ஊற வச்சு ஃப்ளக்ஸைக் கரைங்க, அப்புறம் ஒரு லிட்டர் வெந்நீர்ல 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைச்சு, அதுல கால் மணி நேரம். ஃப்ளக்ஸ் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பெயிண்டை உரிச்சுடும். லிப்போ பேட்டரியை (வண்டியோட லித்தியம் பேட்டரி, சூடு பட்டா தீப்பிடிக்கும்) இந்த மேஜையில எங்கயும் வைக்காதீங்க, அதையும் சொல்லிடறேன்.

இனிமே சந்தேகம் அனுப்புறவங்க, பத்த வைக்கிறதுக்கு முன்னாடி எடுத்த படத்தை அனுப்புங்க. பத்த வச்ச பிறகு எடுத்த படத்துல இடைவெளி தெரியாது.