தேசிக்காய்க்கு அசையாத கழுத்துக் கறுப்பு

தேசிக்காய்ப் பாதியால் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும் தங்கச்சிமாரே, கையை நிறுத்துங்கள்! அது ஊத்தை அல்ல. உடம்பில் இன்சுலின் கூடிவிட்டதைத் தோல் காட்டிக்கொடுப்பதாக இருக்கலாம்.

இன்றைய விடயம் இந்த இன்சுலினோடு தொடர்புள்ள பீ.சீ.ஓ.எஸ்., அதாவது ஓமோன் குழம்பி, சூலகத்திலிருந்து முட்டை ஒழுங்காக வெளியேறாமல் போகும் நிலை. பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் 100 பேரில் 8 முதல் 13 பேருக்கு இது உண்டு என்று 2023இல் சொன்னது உலக சுகாதார நிறுவனம். 1935இல் சிக்காகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். வரலாறு போதும், குளத்துக்குப் போவோம்.

(திரையில்: இரணைமடுக் குளம், வாய்க்கால்கள்)

ஒரு வாய்க்காலில் புல்லும் சேறும் அடைத்துவிட்டன. வயல் காய்கிறது, கமக்காரர் சத்தம் போடுகிறார். துருசை இன்னும் திறக்கிறார்கள். காய்ந்த வயலுக்கு ஒருவாறு தண்ணீர் ஏறிவிடுகிறது. அடைப்பே இல்லாத பக்கத்து வயல்? பயிர் மூழ்கிப்போகிறது!

அடைபட்ட வயல் நம்முடைய தசை. இரத்தத்தில் உள்ள சீனியை உள்ளே எடு என்று இன்சுலின் ஓமோன் சொல்வது அதற்கு ஏறுவதில்லை. ஆகவே சதையி மேலும் மேலும் சுரக்கிறது. சீனி அளவு சரியாக நிற்பதால் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். மூழ்குகிற பக்கத்து வயல்தான் சூலகம். கபச் சுரப்பி அனுப்பும் எல்.எச். ஓமோனோடு இந்த இன்சுலினும் சேர்ந்து உந்த, அது ஆண் ஓமோனை மிஞ்சிச் சுரக்கிறது. அந்த ஓமோனைக் கட்டிவைக்கிற புரதம் ஒன்றை ஈரல் செய்யும். இன்சுலின் கூடினால் அதுவும் குறைந்துவிடும். கயிறு இல்லாத மாடு என்ன செய்யும்? கட்டாக்காலியாக மேயும். முகத்தில் மயிர், பரு, தலைமுடி உதிர்வு எல்லாம் அது மேய்ந்த தடங்கள். (எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, மன்னியுங்கள்.)

ஸ்கேனில் தெரியும் ‘கட்டிகள்’ கட்டிகளே அல்ல. குடலைப் பருவத்தில் நின்றுபோன நெல்லைப்போல, பாதியில் வளர்ச்சி நின்ற முட்டைப் பைகள். ஒவ்வொன்றும் 2 முதல் 9 மில்லிமீற்றர். முட்டை வெளியேறாததால் மாதவிடாய் தள்ளிப்போகிறது. ‘கலியாணம் முடிந்தால் சரிவரும்’ என்கிற மாமிமாருக்கு இந்த வீடியோவைக் கட்டாயம் அனுப்புங்கள். மெலிந்த பிள்ளைகளுக்கும் இது வரும்.

வாய்க்காலுக்குச் சிரமதானம் உண்டா? உண்டு, நடை. அசைகிற தசை இன்சுலின் உதவியில்லாமலே சீனியை இழுத்துக்கொள்ளும். மெற்போமின் என்கிற சீனி வருத்தக் குளிசை வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். அக்காவின் குளிசையை எடுத்து விழுங்காதீர்கள்.

ஒரு மாதவிடாய்க்கும் அடுத்ததற்கும் இடைவெளி அடிக்கடி 35 நாளைத் தாண்டினால் கிளினிக்குக்குப் போங்கள். 75 கிராம் குளுக்கோசு குடித்து 2 மணித்தியாலத்தின் பின் பார்க்கும் சீனிப் பரிசோதனையையும் கேளுங்கள். வெறுவயிற்றில் மட்டும் பார்த்தால் தப்பிவிடக்கூடும்.

கேள்விகளைக் கீழே எழுதுங்கள். மிஞ்சிய தேசிக்காயைச் சொதிக்குப் பிழிந்துவிடுங்கள்.