சாமிப்படத்துக்குப் பின்னால் இருந்த மூக்குக்கண்ணாடி

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். "சேவைக் கழகங்களும் இளைஞர்களும்" என்ற தலைப்பில் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். மட்டக்களப்பில் இயங்கும் ஒரு சேவைக் கழகத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக உறுப்பினராக இருக்கிறேன் என்பதைத் தவிர இதைப் பேச எனக்கு வேறு தகுதி இல்லை. எந்தக் கழகம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் இது விளம்பரமாகிவிடும். மேலும், நான் சொல்லவிருப்பதில் பாதி எங்கள் குறைகளைப் பற்றியது.

சேவைக் கழகம் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது என்னவென்று எனக்குத் தெரியும். பாடசாலை மண்டபத்தில் ஒரு பதாதை, வரிசையாகப் பிளாஸ்டிக் கதிரைகள், கழுத்தில் பட்டி அணிந்த தலைவர், ஐந்து பேச்சுகள், ஆறாவதாக நன்றியுரை, அதற்குள் வெயிலில் வாடிப்போன பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புத்தகப்பை, கடைசியில் புகைப்படம். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்தப் புகைப்படங்களில் நானும் நிற்கிறேன். புத்தகப்பை தேவையான பிள்ளைக்கு அது பெரிய உதவிதான். ஆனால் அந்தப் பிள்ளை மூன்றாம் தவணையிலும் பாடசாலைக்கு வருகிறதா என்று பார்க்க யாராவது திரும்பிப் போனோமா? இரண்டாம் தடவை போவது, அதுவே இன்றைய என் பேச்சு.

இத்தகைய கழகங்களின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1905 இல் சிக்காகோ நகரில் போல் ஹரிஸ் என்ற வழக்கறிஞர் ரோட்டரி கழகத்தைத் தொடங்கினார். 1917 இல் அதே நகரில் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்புறுதித் தொழிலதிபர் லயன்ஸ் கழகத்துக்கு வித்திட்டார். 1925 இல் ஹெலன் கெல்லர் அம்மையார் லயன்ஸ் மாநாட்டில் தோன்றி, பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக நீங்கள் இருக்கக்கூடாதா என்று கேட்டார். உலகெங்கும் கண் முகாம் என்றதும் அந்தக் கழகத்தின் பெயர் நினைவுக்கு வருவதற்கு அந்த ஒரு வேண்டுகோள்தான் காரணம். இளைஞர்களுக்கான லியோ கழகமோ 1957 இல் பென்சில்வேனியாவில் ஒரு பாடசாலையின் பேஸ்போல் பயிற்றுநரின் முயற்சியில் தொடங்கியது; முதல் உறுப்பினர்களில் பெரும்பாலானோர் அவருடைய அணிப் பிள்ளைகள். இதை நான் விரும்பிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்முடைய ஊர்களிலும் ஒரு பொது வேலைக்கு முதலில் ஓடி வருபவர்கள், மாலையில் மைதானத்தில் பந்தடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளேயல்லவா?

இனி, நான் எங்கே போனாலும் சொல்லும் கதைக்கு வருகிறேன். கழக நண்பர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், "மறுபடியும் கண்ணாடிக் கதையா" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு கிராமத்தில் கண் முகாம் நடத்தினோம். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும் வரை, நாம் "பாதை" என்று சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்துதான் அந்த ஊருக்கு நேர்வழியில் போகவேண்டும்; பாதை வரும்வரை துறையில் காத்திருந்த நாட்களை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். நான் சொல்லும் முகாம் பாலம் வந்த பிறகு நடந்தது. ஆகவே போக்குவரத்தைக் காரணம் காட்ட எங்களுக்கு வழியில்லை. எங்கள் இளைஞர் அணிப் பிள்ளைகள் பெயர் பதிந்தார்கள், அட்டையைப் பிடித்துப் பார்வையைச் சோதிக்க உதவினார்கள், வாசிப்புக் கண்ணாடிகளை வழங்கிக் கையொப்பம் வாங்கினார்கள். நாற்பது வயதைத் தாண்டியதும் கண்ணின் வில்லை இறுகி, கிட்ட இருப்பது மங்கலாகத் தெரிவது எல்லோருக்கும் வருவது. அதற்கு ஒரு சாதாரணக் கண்ணாடி போதும். முகாம் சிறப்பாக முடிந்தது. புகைப்படமும் எடுத்தோம்.

மூன்று மாதங்கள் கழித்து வேறொரு காரியமாக அந்த ஊருக்குப் போனபோது, அணியின் செயலாளராக இருந்த உயர்தர வகுப்பு மாணவி என்னுடன் வந்தாள். முகாமில் கண்ணாடி பெற்ற ஓர் ஆச்சி வாசலில் இருந்து, கோரை வகையான பன் புல்லில் பாய் இழைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் கண்ணாடி இல்லை. எங்கே என்று கேட்டேன். ஆச்சி எழுந்து உள்ளே போய், சாமிப்படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். பைக்குள் கண்ணாடியும் அதன் உறையும் நாங்கள் கொடுத்தபடியே இருந்தன. "கையெழுத்து வாங்கிற்றுத்தானே தந்தீங்க மகன், திரும்பக் கேட்டு வந்தா குடுக்கணுமே எண்டு கவனமா வெச்சிருக்கன்" என்றார்.

நேயர்களே, எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. 1978 இன் சூறாவளியையும், யுத்தத்தையும், 2004 இன் சுனாமியையும் கண்ட தலைமுறை அது. நிவாரண வரிசைகளில் எத்தனை தாள்களில் கையொப்பம் வைத்திருப்பார்கள்! கையொப்பம் வாங்கிக் கொடுத்த பொருளைப் பார்க்க ஒரு நாள் யாரோ வருவார்கள் என்பது அவர்களுடைய அனுபவம். கணக்குக்காக நாங்கள் வாங்கிய கையொப்பம் ஆச்சியிடம் ஒரு கடனாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. நான் அந்தப் பதிலோடு திருப்திப்பட்டுத் திரும்பியிருப்பேன். அந்த மாணவிதான் ஆச்சியின் பக்கத்தில் குந்தியிருந்து, "ஒருக்காவாவது போட்டுப் பாத்தீங்களா ஆச்சி?" என்று கேட்டாள். அப்போதுதான் உண்மை வந்தது. போட்டுப் பார்த்திருக்கிறார்; பாய் மங்கலாகத் தெரிந்து தலை சுற்றியிருக்கிறது. இலவசமாகத் தந்தவர்களிடம் குறை சொல்வது அழகில்லை என்று பேசாமல் வைத்துவிட்டார்.

நான் கணித ஆசிரியராக இருந்தவன். ஆகவே ஒரேயொரு கணக்கைச் சொல்ல அனுமதியுங்கள். தூரப்பார்வை சரியாக உள்ள ஒரு வயதானவருக்கு, கண்ணாடியில் எழுதியிருக்கும் எண்ணால் ஒன்றை வகுத்தால், அந்தக் கண்ணாடி எத்தனை மீற்றரில் தெளிவாகக் காட்டும் என்பது வரும். 2.50 என்றால் 40 சென்ரிமீற்றர், அதாவது பத்திரிகையைப் பிடிக்கும் தூரம். 1.50 என்றால் ஏறத்தாழ 67 சென்ரிமீற்றர். ஆச்சிக்கு நாங்கள் கொடுத்தது 2.50. அவர் பத்திரிகை வாசிப்பவரல்ல. நிலத்தில் இருந்து, கையை நீட்டிப் பாய் இழைப்பவர். அவருடைய வேலை கண்ணாடியின் எல்லைக்கு அப்பால் நடந்தது. குறைந்த எண்ணுள்ள ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்த நாளில், அவர் முகத்தைப் பார்க்காமல் பாயைப் பார்த்தேன். விரல் தடவாமல் பன் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு எங்கள் பதிவுப் புத்தகத்தில் ஒரு நிரல் கூடியது: "என்ன வேலை செய்கிறீர்கள்?" வலை பொத்துபவருக்கு ஓர் எண், அரிசியில் கல் பொறுக்குபவருக்கு வேறோர் எண். அந்த நிரலைக் கோடிட்டுச் சேர்த்தவள் அந்த மாணவி. பெரியவர்களாகிய எங்களுக்கு அது தோன்றவில்லை.

எங்களுக்குத் தோன்றாததற்கு ஒரு காரணம் உண்டு, அதையும் சொல்லவேண்டும். இந்தக் கழகங்களின் ஆண்டு ஜூலை 1 இல் தொடங்கி ஜூன் 30 இல் முடிகிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிய தலைவர். புதிய தலைவருக்குப் புதிய திட்டம். போன ஆண்டின் கண் முகாமைப் பின்தொடர்வது இந்த ஆண்டுத் தலைவரின் சாதனைப் பட்டியலில் வராது. யாரையும் குறை சொல்லவில்லை; நானும் ஓர் ஆண்டு தலைவராக இருந்து, எனக்கு முன்னிருந்தவரின் கோப்பைத் திறந்தும் பார்க்காதவன். இளைஞர் அணியிலும் பதவிகள் மாறுகின்றன. ஆனால் பிள்ளைகள் அந்தந்த ஊரிலேயே இருக்கிறார்கள். புத்தகம் அவர்களிடம் இருந்தால் இரண்டாம் பயணம் நின்றுபோவதில்லை.

கண்புரைக்கு இது இன்னும் பொருந்தும். முகாமில் கண்புரை என்று கண்டு வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்தால், பலர் போவதில்லை. அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பிறகென்ன என்று கேட்காதீர்கள். துணைக்கு வருபவருக்கு ஒருநாள் கூலி போகும். அறுவடைக் காலமென்றால் வீட்டில் ஆளே இருக்காது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களுக்கு ஒழுங்காகச் சொட்டு மருந்து விடவேண்டும், தனித்திருக்கும் முதியவருக்கு அதை யார் விடுவது? பக்கத்து வீட்டுப் பிள்ளை காலையில் பாடசாலைக்குப் போகும்போதும் மாலையில் மைதானத்துக்குப் போகும்போதும் விடலாம். எங்கள் அணியில் இரண்டு பிள்ளைகள் அப்படிச் செய்தார்கள். அதற்குப் பதாதை கட்டவில்லை.

வானொலி நிலையப் பொறுப்பாளர் கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்து கையைக் காட்டுகிறார். டெங்கு பற்றி விரிவாகப் பேச எழுதி வந்தேன், சுருக்குகிறேன். மழைக்காலம் தொடங்கியதும் ஒருநாள் சிரமதானம் செய்து, சிரட்டைகளையும் யோகட் கோப்பைகளையும் பொறுக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். நுளம்பின் முட்டையோ பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும்; நீர் பட்டதும் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் பறக்கும் நுளம்பாகிவிடும். ஆகவே நீரை ஊற்றிவிட்டால் போதாது, உரசிக் கழுவவேண்டும். அடுத்த வாரமும் அதே வளவுக்குப் போகவேண்டும்.

இரத்ததானம் பற்றி ஒரு வாக்கியம் மட்டும்: 18 முதல் 60 வயதுக்குட்பட்ட, 50 கிலோகிராமுக்குக் குறையாத நிறையுள்ள ஆரோக்கியமானவர்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை கொடுக்கலாம்; ஒரு முறை கொடுத்தவர்கள் அந்தத் திகதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மாலை நேர வாசிப்பு வகுப்புகள் பற்றிச் சொல்ல நேரம் போதவில்லை. மீண்டும் அழைத்தால் அதிலிருந்து தொடங்குகிறேன். நன்றி, வணக்கம்.