செய்த பொம்மையே! – ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, ஆடிப்பெருக்கு நாளில் காவிரிக் கரையில் கூடியிருக்கும் திருவையாற்றுப் பெருமக்களே, வணக்கம்.

பிள்ளைக்குப் பெரிதும் பயன்படுவது கடையில் வாங்கிய பொம்மையா, வீட்டில் செய்த பொம்மையா என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார் சங்க காலத்துக்கே போய்விட்டார். புகார் நகரத்துப் பிள்ளைகள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டியதைப் பட்டினப்பாலை பாடுகிறது, அந்தத் தேரெல்லாம் தச்சரிடம் காசு கொடுத்து வாங்கியதுதான் என்றார். இருக்கட்டும். காலில் பொன் அணிந்த பிள்ளைகள். தகப்பன்மாருக்கு வசதி இருந்திருக்கும். ஆனால் ரசீதைப் புலவர் பாட்டில் செருகி வைக்கவில்லையே!

இன்று காலை பிள்ளைகள் சாமி வைத்துப் படித்துறைக்கு இழுத்து வந்த குட்டிச் சப்பரங்களை அம்மையார் பார்த்தாரா? அவற்றில் ஒன்று அட்டைப்பெட்டியும் ஈர்க்குச்சியும் வண்ணத்தாளும் கொண்டு ஒரு சிறுவன் செய்தது. சக்கரங்கள் தேய்ந்துபோன ரப்பர் செருப்பில் வெட்டியவை. ஒரு சக்கரத்தில் துளை நடுவில் விழவில்லை. ஆகவே சாமி குதித்துக் குதித்துப் போனார். பையன் அழவில்லை, தெருவிலேயே உட்கார்ந்து கோணி ஊசியால் துளையை மாற்றிக் குத்தினான். பளபளக்கும் கடைச் சப்பரங்களை இழுத்து வந்த பிள்ளைகள் அவற்றை ஓரங்கட்டிவிட்டு இவனைச் சுற்றி நின்றார்கள். தீர்ப்பு காலையிலேயே வந்துவிட்டது, நடுவர் அவர்களே; நீங்கள் அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி.

அறிவை வளர்ப்பது வாங்கிய பொம்மைதான், பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது என்றார்கள். பெட்டியில் எதைத்தான் அச்சிடவில்லை? பக்கத்துத் தஞ்சாவூரின் ராஜா ராணி பொம்மையை எடுத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு பெற்ற பொம்மை. எப்படிச் சாய்த்தாலும் எழுந்து உட்காரும். வாங்கிவந்தால் குழந்தை தள்ளும், சிரிக்கும், கொஞ்ச நேரத்தில் அது ஷோகேஸுக்குப் போய்விடும். ஏன் எழுகிறது என்று கேட்க வழியில்லை. அடிப்பாகம் மூடிக் கிடக்கிறது.

அதையே வீட்டில் செய்யுங்கள். ஒரு முட்டையின் கூர்முனையில் சிறு துளையிட்டு, உள்ளே இருப்பதை ஆம்லெட்டுக்கு அனுப்பிவிடுங்கள். முட்டை ஓட்டைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, இரண்டு தேக்கரண்டி ஆற்று மணல் போடுங்கள். அதற்கு யாரும் லாரி பிடிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஓட்டில் மீசை வரைந்தால் ராஜா தயார். குழந்தை தள்ளும். ராஜா படுத்தவர் படுத்தவர்தான், எழ மாட்டார்! அவர் சாய்ந்ததும் மணலும் கூடவே சரிந்து அந்தப் பக்கமே போய்விடுகிறது. இந்த இடத்தில் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். ஓட்டைக் காதருகே வைத்து ஆட்டும். மணல் ஓடும் ஓசை கேட்கும். இன்னும் கொஞ்சம் மணல் போடலாமா என்று கேட்கும். போட்டுப் பார்க்கட்டும். அப்போதும் எழமாட்டார். பிறகு பெரியவர் மெழுகுவர்த்தியை ஏற்றி, முட்டையை நிமிர்த்திப் பிடித்து, உருகிய மெழுகைத் துளை வழியே மணலின் மேல் சொட்டவிட வேண்டும். இறுகியதும் தள்ளினால் ராஜா எழுந்துகொள்கிறார். எடை அடியிலேயே ஒட்டிக்கொண்டது. சாய்க்கும்போது அந்த எடை சற்று மேலே தூக்கப்படுகிறது. விட்டதும் அது கீழே இறங்கப் பார்க்கிறது. அது இறங்கினால் ராஜா நிமிர்கிறார். ஈர்ப்பு மையம் என்று பின்னால் வகுப்பில் படிக்கும்போது அந்தக் குழந்தைக்கு அது பழைய சங்கதியாக இருக்கும். தோற்றுப்போன அந்த முதல் ராஜாவை எந்தக் கடையும் விற்பதில்லை. சொல்லிக்கொடுத்தது அவர்தானே!

பூவரச இலையை மறந்துவிட்டோமா? இலையைச் சுருட்டி, ஒரு முனையை மெல்ல நசுக்கி ஊதினால் பீப்பீ. நசுங்கிய முனையின் இரண்டு இதழ்களும் மூச்சுக்காற்றில் துடிப்பதால் ஒலி பிறக்கிறது. நாதஸ்வரத்தில் வாய்வைத்து ஊதும் முனையான சீவாளியும் இப்படித்தான் வேலை செய்கிறது. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கும் நம் வாய்க்கால் கரைப் பூவரசுக்கும் தத்துவம் ஒன்றுதான்.

கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைத்துப் பிள்ளைகளுக்கு வடிவியல் காட்டியவர். மூன்று குச்சி முக்கோணம் அசையாது. நான்கு குச்சிச் சதுரம் தொட்டால் சரிந்துவிடும். குப்பையிலிருந்து பொம்மை செய்த அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

எதிரணித் தம்பி பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். நியாயமான பேச்சு. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். நல்ல சட்டம், கைதட்டுகிறேன். வீட்டிலும் கவனம் வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் பொத்தான், மணி, புளியங்கொட்டை எதுவும் கூடாது. பிளேடும் நெருப்பும் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். ஆனால் முத்திரையே இல்லாமல் திருவிழாக் கடையில் மினுக்கும் பொம்மைக்குள் பொத்தான் பேட்டரி இருக்கிறதே, அதைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். அதைத் தம்பி சொல்லவில்லை. என் முட்டை ராஜா உடைந்தால் வாரிக் கொட்டத் துடைப்பம் போதும்.

நேரம் இல்லையாம். எந்தப் பொம்மை வாங்கலாம் என்று கைப்பேசியில் தேடுகிற நேரத்தில் மெழுகு இறுகிவிடும்.

கடைசியாக, எல்லாரும் வீட்டிலேயே செய்துகொண்டால் தஞ்சாவூர்ப் பொம்மைக் கலைஞர் வயிற்றுப்பாட்டுக்கு எங்கே போவார் என்று உருக்கமாகக் கேட்டார்கள். முட்டை ஓட்டோடு ஒரு பகல் போராடிய பிள்ளையை அந்தக் கடைக்கு அழைத்துப் போங்கள். அடியில் எடையை எப்படி வைத்தீர்கள் என்று கலைஞரிடம் கேட்கும். பேரம் பேச வாய் திறக்கும் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கும். எதிரணிக்கு நல்ல வாடிக்கையாளரைத் தயார் செய்து அனுப்புவதும் எங்கள் அணிதான், நடுவர் அவர்களே. அதையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தீர்ப்பு வழங்குங்கள். நன்றி, வணக்கம்.