கொக்கு மடிக்கத் தெரியுமா?

(புதுச்சேரியில் பள்ளி மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். 2025 ஜூன் 25 அன்று நம் நாட்டு வீரர் சுபான்ஷு சுக்லா விண்ணுக்குக் கிளம்பியதிலிருந்து, "நானும் விண்வெளி வீரர் ஆவேன்" என்று சொல்லும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். மகிழ்ச்சி. பெற்றோர் என்னிடம் கேட்பதோ ஒன்றே ஒன்றுதான்: "அதற்கு எந்தக் கோர்ஸில் சேர்க்க வேண்டும் ஐயா?" அப்படி ஒரு கோர்ஸ் கிடையாது. மூன்று நாள் முகாம் நடத்திச் சான்றிதழ் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணத்தில் பிள்ளையை நீச்சல் பழக அனுப்புங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாசாவின் பயிற்சியில் 25 மீட்டர் குளத்தின் நீளத்தை மூன்று முறை நிற்காமல் நீந்த வேண்டும். பிறகு விமானி உடையும் காலணியும் அணிந்து மறுபடியும் மூன்று முறை. அதற்கும் மேல் 10 நிமிடம் தரையில் கால் படாமல் தண்ணீரில் நிற்க வேண்டும். நாமோ மாலைதோறும் கடற்கரைச் சாலையில் காற்று வாங்குகிறோம். நீந்தத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் இந்த அரங்கில் எத்தனை கைகள் எழுகின்றன, பாருங்கள்! அதற்காக யாரும் கடலில் இறங்கிப் பழக வேண்டாம், நம் கடல் இழுக்கும். குளத்தில், பயிற்றுநர் கண் முன்னால் பழகுங்கள்.

ஜப்பானிய விண்வெளி முகமை ஒரு தேர்வில், இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களை ஒரு வாரம் ஒன்றாக அடைத்து வைத்து, காகிதக் கொக்கு மடிக்கச் சொன்னது. ஆயிரம் கொக்குகள். மடித்தவற்றை மடித்த வரிசையிலேயே நூலில் கோர்க்க வேண்டும். முதல் கொக்கையும் கடைசிக் கொக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். சலித்துப்போன பிறகும் மடிப்பு நேராக விழுந்திருக்கிறதா, இறக்கை கோணிக்கொண்டதா? உங்கள் ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் இன்றிரவு புரட்டிப் பாருங்கள், அதே கதைதான். விண்வெளி நிலையத்தில் வடிகட்டி மாற்றுவதும் கழிப்பறையைப் பழுது பார்ப்பதும் வீரர்கள்தான். சலிக்கும் வேலையைச் சலிக்காமல் செய்பவரைத்தான் தேடுகிறார்கள்.

2013 ஜூலை 16 அன்று இத்தாலிய விண்வெளி வீரர் லூக்கா பார்மிதானோ விண்நடையில், அதாவது நிலையத்துக்கு வெளியே வந்து வேலை செய்துகொண்டு, இருந்தபோது தலைக்கவசத்துக்குள் தண்ணீர் கசிந்தது. எடையற்ற இடத்தில் தண்ணீர் கீழே வடியாது. அது அவர் முகத்தில் ஒட்டிப் பரவிக் கண்ணை மறைத்தது, மூக்கை அடைத்தது, காதுக்குள்ளும் போனது. கூடவே இருட்டும் வந்துவிட்டது. அவர் பதறவில்லை. உடலோடு பிணைத்திருந்த பாதுகாப்புக் கம்பியின் இழுப்பைக் கையால் உணர்ந்தே வாசலுக்கு வந்து சேர்ந்தார். உள்ளே சேர்ந்திருந்த தண்ணீர் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர்.

எல்லோரும் பாராட்டுவது அந்த நிதானத்தை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது விசாரணையில் தெரிய வந்தது. ஒரு வாரத்துக்கு முந்தைய விண்நடையிலேயே அதே உடையில் தண்ணீர் தென்பட்டிருந்தது. குடிநீர்ப் பை கசிந்திருக்கும் என்று சொன்னார்கள், அந்த விளக்கத்தை யாரும் துருவிக் கேட்கவில்லை. எத்தனையோ மேதைகள் இருந்த இடத்தில், "எனக்கு அப்படித் தோன்றவில்லையே" என்று ஒரு குரல் அழுத்தி எழவில்லை. நம் வகுப்பறைகளில் கையைக் கட்டு, வாயைப் பொத்து என்றே பழக்குகிறோம். ஆசிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டாம், யோசித்தால் போதும்.

பிற மொழியும் பழக வேண்டும். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரும் ரஷ்யாவில் பயிற்சி பெற்றவர்கள். நால்வருமே விமானப்படையின் சோதனை விமானிகள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். ஆக, இந்தியாவில் இதுவரை திறந்த கதவு விமானப்படை வழிதான். நாசாவுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். நம் ஊருக்கு மட்டும் ஒரு விசேஷம்: பிரெஞ்சு குடியுரிமை உள்ள தமிழ்ப் பிள்ளைகள் ஐரோப்பிய விண்வெளி முகமைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே 2022இல் முடிந்த தேர்வுக்கு 22,500க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், எடுத்தது 17 பேர். அதிலும் பலர் காத்திருப்போர் பட்டியலில். அந்தப் பட்டியலில் இருந்த போலந்துப் பொறியாளர் ஒருவர்தான் பிறகு சுக்லாவுடன் பறந்தார்.

தேர்வாகாத மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். அதற்கு நம் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். லெ ஜான்தீல் என்ற பிரெஞ்சு வானியலர், வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1760இல் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் இறங்க முடியவில்லை. 1761இல் ஆடும் கப்பலில் நின்று பார்த்தது கணக்குக்கு உதவவில்லை. அடுத்த வாய்ப்பான 1769க்காகக் காத்திருந்து, இங்கேயே ஆய்வுக்கூடம் கட்டினார். அன்று காலை பார்த்து மேகம் மூடிக்கொண்டது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் மடகாஸ்கர் கரையை அளந்தார், நம்மவர்கள் கிரகணம் கணிக்கும் முறையை இங்குள்ள தமிழரிடம் கற்று ஐரோப்பாவுக்கு எழுதினார். நம் ஊர் வரலாற்றில் அவர் பெயர் நிற்பது அந்த வேலைகளால்தான்.

இனிக் கேள்விகள். கண்ணாடி போட்டால் முடியுமா என்று எப்படியும் கேட்பீர்கள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாசாவில், கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நம் போர் விமானிகளுக்கான விதி அதைவிடக் கடுமையானது; விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள்.